புயல் வருமுன் பழக வேண்டிய பேச்சு: செட்டிநாட்டில் அவசரகால ஹாம் ரேடியோ நெட் அமைக்க முழுமையான வழிகாட்டி

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டு நம் சிவகங்கை மாவட்டத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போனது. விடிந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. மத்தியானத்துக்குள் போனிலும் சிக்னல் கோடு போய்விட்டது.

என்னிடம் அப்போதே ஹாம் லைசென்ஸ், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேச அரசு தரும் அனுமதி, இருந்தது. ஒரு ஹேண்டி செட்டும் இருந்தது. ஆனால் எட்டு மாதம் அலமாரியில் கிடந்ததில் அதன் பேட்டரி செத்திருந்தது. பக்கத்து வீட்டுக் காரில் சொருகிச் சார்ஜ் ஏற்றிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. சுற்றுவட்டாரத்தில் அந்த நேரத்தில் செட்டைத் திறந்து வைத்திருந்த ஆள் ஒருவர்கூட இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர் கேட்டார்: “தம்பி, ஒம் பெட்டியில சிங்கப்பூருக்குச் சேதி சொல்ல முடியுமா? பெரியவன் பயந்துக்கிட்டு இருப்பான்.” முடியவில்லை.

அன்று செட்டும் இருந்தது, லைசென்ஸும் இருந்தது. மறுமுனையில் காது மட்டும் இல்லை. பல ஊர் ஹாம்கள் குறித்த நேரத்தில் ஒரே அலைவரிசையில் கூடுவதை நெட் என்போம். இந்த வழிகாட்டி அப்படி ஒரு நெட் அமைத்து அந்தக் காதைத் தயார் செய்வதைப் பற்றியது. செட் வாங்குவது இதில் சின்ன வேலை.

## போலீஸ் மைக் எப்படி வேலை செய்கிறது, எங்கே அறுகிறது

காவல் நிலையத்தில் ‘மைக்’ என்று சொல்லும் வயர்லெஸ்ஸை எல்லோரும் பார்த்திருப்போம். ஏட்டய்யா கையில் இருக்கும் செட்டுக்குத் தானாக ரொம்ப தூரம் போகும் சக்தி கிடையாது. உயரமான டவரில் இருக்கும் ரிப்பீட்டர் அவர் குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி, இன்னோர் அலைவரிசையில் பலமாகத் திருப்பி வீசுகிறது. அதனால்தான் ஒரு மூலையில் பேசுவது மாவட்டத் தலைமையகத்தின் கன்ட்ரோல் ரூமில் கேட்கிறது. பெரிய நகரங்களில் டெட்ரா போன்ற டிஜிட்டல் டிரங்கிங் அமைப்புகள் வந்திருக்கின்றன. அதில் யாருக்கு எந்தச் சேனல் என்பதைக் கணினி பிரித்துக் கொடுக்கும். பேச்சைப் பூட்டியும் அனுப்பலாம். இதற்கு மேல், உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கும் காவல் வயர்லெஸ் ஒருங்கிணைப்பு இயக்ககம் போல்நெட் என்ற செயற்கைக்கோள் வலையை நடத்துகிறது.

இது செல்போனைவிட உறுதியான ஏற்பாடு, சந்தேகமில்லை. செல் டவரின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், பிறகு டீசல் வர வேண்டும். டவர் நின்றிருந்தாலும், மரம் சாய்ந்து கண்ணாடியிழைக் கேபிள் அறுந்தால் அது வெறும் இரும்புக் கம்பம். ரிப்பீட்டருக்கும் இதே பலவீனம் ஓரளவு உண்டு. ஆன்டெனா திரும்பிவிட்டால், பேட்டரி தீர்ந்தால், அந்த ஒரு புள்ளியை நம்பியிருந்த எல்லோரும் ஒன்றாக ஊமையாகிவிடுவார்கள். அது தாக்குப்பிடித்தாலும் அன்றைக்கு அதில் காவல் வேலையே தலைக்கு மேல் இருக்கும். முகாமில் எத்தனை பேர், எந்த ஊருக்குத் தண்ணீர் லாரி என்பதெல்லாம் வரிசையில் பின்னால்தான் நிற்கும்.

ஹாம் ஆட்களின் இடம் அங்கேதான். ரிப்பீட்டரே இல்லாமல் செட்டுக்குச் செட் நேரடியாகப் பேசுகிறோம். எந்த ஒற்றைப் புள்ளியையும் நம்பி இல்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு ஒன்று அந்தமானிலிருந்து உலகத்தோடு பேச அபூர்வ அனுமதி வாங்கிக்கொண்டு போர்ட் பிளேரில் இருந்தது. பொழுதுபோக்காகப் போன பயணம். 26-ஆம் தேதி சுனாமி அடித்ததும் அதே செட்டுகள் தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே சேதி கடத்தின. அவர்கள் சுனாமி வந்தபின் செட் வாங்கவில்லை, வந்தபின் பழகவுமில்லை என்பதைக் கவனியுங்கள்.

## ஆச்சியின் கேள்விக்குச் சட்டம் சொல்லும் பதில்

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பல பேர் இங்கேதான் தவறுகிறார்கள். சாதாரண நாளில் ஹாம் ரேடியோவில் அடுத்தவர் சேதியைக் கடத்தக் கூடாது. ஹாமுக்கும் ஹாமுக்கும் இடையிலான சொந்தப் பேச்சுக்கு மட்டும்தான் லைசென்ஸ். நிலநடுக்கம், வெள்ளம், புயல், பெருந்தீ போன்ற பேரிடரில் விதி தளர்கிறது. அப்போதும் மாவட்ட ஆட்சியர் போன்ற அதிகாரம் பெற்றவர்களிடமிருந்து கிளம்பும் சேதி, அவர்களுக்குப் போய்ச்சேரும் சேதி என்றுதான் எல்லை வகுத்திருக்கிறது.

அதனால் ‘ஆச்சி நலம்’ என்ற சேதியை நானாகச் சிங்கப்பூருக்கு அனுப்பக் கிளம்பக் கூடாது. ஆனால் முகாமில் இருப்பவர்களின் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலர் தர, நான் கன்ட்ரோல் ரூமுக்குப் படித்துக் காட்டலாம். அங்கே ஆச்சியின் பெயர் இருந்தால், மகன் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வார். பெரிய வீட்டில் ஒரே ஒரு ஆச்சி, பிள்ளைகள் சென்னையிலும் மலேசியாவிலும் என்பதுதான் இங்கே பாதி ஊர்களின் கதை. எனவே இந்தப் பட்டியல் வேலை மற்ற வட்டாரங்களைவிட நமக்கு முக்கியம்.

இன்னொன்று: போலீஸ் அலைவரிசையில் பேசுவது குற்றம். காதில் விழுந்ததை வெளியே சொல்வதும் அப்படியே. மலிவான சீனச் செட்டுகள் பொத்தானை அழுத்தினால் எங்கே வேண்டுமானாலும் பாயும். வாங்கியதும் ஹாம் அலைவரிசைக்கு வெளியே பேச முடியாதபடி பூட்டிவிடுங்கள்.

## லைசென்ஸ்

12 வயது நிறைந்த யாரும் தேர்வு எழுதலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்துகிறது; சரல் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. ரேடியோ அடிப்படை ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. ஜெனரலுக்குக் கூடுதலாக நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் என்ற தந்திக் குறியீடு. ரெஸ்ட்ரிக்டட் ஆட்களின் கால் சைன் (காற்றில் சொல்ல வேண்டிய அடையாளப் பெயர்) வி.யு.3 என்று தொடங்கும், 50 வாட் வரை போகலாம். ஜெனரலுக்கு வி.யு.2, 400 வாட்.

ஊர் நெட்டுக்கு ரெஸ்ட்ரிக்டட் தாராளமாகப் போதும். தேர்ச்சி பெற்றதும் லைசென்ஸ் கையில் வந்துவிடாது, சரிபார்ப்பெல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே ஐப்பசி மழைக்குத் தயாராக வேண்டுமானால் தையிலேயே விண்ணப்பியுங்கள். ஒருவர் மட்டும் எழுதாதீர்கள். நான் செய்த முதல் தவறு அதுதான். ஊருக்கு இரண்டு பேர், குறைந்தது நான்கு ஊர்.

லைசென்ஸ் இல்லாத தெருப் பிள்ளைகளுக்கு வேறு வழி உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை அரை வாட் செட்டுகளுக்கு 2018 முதல் லைசென்ஸ் தேவையில்லை. முகாமுக்கும் நம் வீட்டுக்கும் இடையில் ஓடிவந்து சேதி சொல்லும் வேலையை இவை மிச்சப்படுத்தும்.

## உங்கள் வீடே உங்கள் எதிரி

நெட்டின் அடித்தளம் 2 மீட்டர் அலைவரிசை, அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். இது கண்பார்வை போல நேராகப் போவது. நம் பூமி சமதளம், மலை என்று பெயருக்கு ஒரு குன்றக்குடி, ஒரு திருமயம் பாறை. அதனால் உயரம்தான் எல்லாம்.

கணக்கு எளிது. ஆன்டெனா தரையிலிருந்து எத்தனை மீட்டரோ, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்குங்கள். அத்தனை கிலோமீட்டர் அதன் எல்லை. இரண்டு முனையின் எல்லையையும் கூட்டினால் பேசக்கூடிய தூரம். கையில் பிடித்த ஹேண்டி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும், எல்லை 5 கிலோமீட்டர். மாடியில் குழாய் நட்டு 15 மீட்டருக்கு ஏற்றினால் எல்லை 16 கிலோமீட்டர். இரண்டு பேரும் அப்படி ஏற்றினால் 32. காரைக்குடியும் தேவகோட்டையும் 20 கிலோமீட்டருக்குள்தான் வரும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், குன்றக்குடி எல்லாம் அதைவிடக் கிட்டே.

இது திறந்த வெளிக்கான கணக்கு. செட்டிநாட்டு வீட்டுக்குள் நின்றால் கதை வேறு. முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வரும் வீடு. அதில் கனத்த செங்கல் சுவர் வரிசையாக எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முதல் சோதனையன்று நான் இரண்டாம் கட்டில் நின்று பேசினேன். நான்கு தெரு தள்ளி இருந்த நண்பருக்குக் கரகரப்பு மட்டும்தான் கேட்டது. வளவின் வானவெளிக்கு நகர்ந்தேன், பாதிச் சொற்கள் கேட்டன. மொட்டை மாடிக்கு ஏறியதும் மணியடித்தாற்போல் கேட்டது. செட் மாறவில்லை, சக்தி மாறவில்லை.

குன்றக்குடி மலை, திருமயம் கோட்டை உச்சி இரண்டையும் பார்த்தால் எந்த ஹாமுக்கும் கை பரபரக்கும். ஒன்று கோயில், மற்றது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னம். அங்கே கம்பம் நடும் நினைப்பை விட்டுவிடுங்கள். ஊராட்சி அனுமதி தந்தால் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி அருமையான இடம்.

## ஆன்டெனா: 49 சென்டிமீட்டர் கம்பி

கடையில் வாங்கலாம். வீட்டில் செய்வது நல்லது, ஏனென்றால் புயலில் முறிந்தால் மறுபடி செய்யத் தெரிந்திருக்கும்.

கேபிள் சொருகும் பேனல் சாக்கெட் ஒன்று, ஐந்து துண்டு தடித்த செம்பு அல்லது பித்தளைக் கம்பி போதும். நடு முனையில் 49 சென்டிமீட்டர் கம்பியை நிமிர்த்திப் பற்றவையுங்கள். நான்கு மூலைத் துளைகளில் 52 சென்டிமீட்டர் கம்பி நான்கைப் பிணைத்து 45 பாகையில் கீழே சாய்த்து விடுங்கள், கவிழ்த்த குடைக் கம்பி மாதிரி. சாய்த்தால்தான் கேபிளோடு பொருந்தும். நேராக விட்டால் பொருத்தம் கெடும். ஆன்டெனாவின் பொருத்தத்தைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை இரவல் வாங்கி அளந்து, நடுக்கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி 1.5-க்குக் கீழே கொண்டுவாருங்கள். ஒரேயடியாக வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிளில் 20 மீட்டர் ஓட்டினால் பாதிச் சக்திக்கு மேல் கேபிளிலேயே தொலையும். தடித்த ஆர்.ஜி. 213 என்றால் மூன்றில் ஒரு பங்குதான் போகும். வெளியே இருக்கும் இணைப்பை ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். தண்ணீர் இறங்கிய கேபிள் வெளியே பார்க்கப் புதிதாகவே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க அது புரியவில்லை.

இடி மின்னல் நேரத்தில் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். கம்பத்துக்கு எர்த் கட்டாயம். நம் செம்மண்ணும் செம்பூரான் பாறையும் காய்ந்துவிட்டால் மின்சாரத்தை உறிஞ்சாது, எனவே எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுக் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

## சென்னைக்கு: தலைக்கு நேர் மேலே வீசும் வித்தை

2 மீட்டர் அலை ஊரோடு நின்றுவிடும். சென்னை இங்கிருந்து நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு 7 மெகாஹெர்ட்ஸ் வேண்டும்.

தூர தேசத்துக்குப் பேசுபவர்கள் ஆன்டெனாவை உயரே ஏற்றுவார்கள். நமக்கு நேர்மாறு. 20 மீட்டர் கம்பியை நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 10 மீட்டராக, நான்கைந்து மீட்டர் உயரத்தில் தாழ்வாகக் கட்டுங்கள். அலை நேர் மேலே போய், அலையைத் திருப்பி அனுப்பும் வானடுக்கான அயனிமண்டலத்தில் மோதி, குடைபோல நம்மைச் சுற்றிச் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். மதுரை, திருச்சி, சென்னை எல்லாம் அந்தக் குடைக்குள். வீடு நீளமாக இருப்பதன் புண்ணியம் இங்கே கிடைக்கிறது: எங்கள் வீட்டில் இரண்டு கட்டுகளின் மாடிக்கு மேல் கம்பி சுகமாக ஓடுகிறது.

பகலில் 7, இருட்டியபின் 3.5 மெகாஹெர்ட்ஸ். இரண்டாவதற்குக் கம்பி 40 மீட்டர். நம் மண்டலத்தில் அவசரகாலக் கூடுமிடமாக ஹாம் உலகம் ஏற்றுக்கொண்டவை 3.600, 7.110, 14.300. புயல் இல்லாத நாளிலேயே 7.110-இல் காதை வைத்துப் பாருங்கள், யார் யார் இருக்கிறார்கள் என்று புரியும்.

கணினியை இணைத்துச் சேதி அனுப்பும் முறைகள் நிறைய உண்டு. நல்லவைதான். குரல் நெட் ஒரு வருடம் ஓடியபின் அதற்குள் போங்கள்.

## மின்சாரம்

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்த, பேட்டரி ஆராய்ச்சிக்கென்றே பேர்போன மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊரில் நான் செத்த பேட்டரியோடு நின்றேன். அந்த வெட்கத்தில் கற்றது இது.

25 வாட் மொபைல் செட் (வண்டியில் வைக்கும் வகை ரேடியோ) பேசும்போது சுமார் 6 ஆம்பியர் இழுக்கும், கேட்கும்போது அரை ஆம்பியர். மணிக்கு ஆறு நிமிடம் பேசுவதாக வைத்தால் சராசரி 1 ஆம்பியரை ஒட்டி வரும். 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்க வேண்டும், அதற்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். ஆக இரண்டு நாள். 100 வாட் சோலார் பலகை ஒன்று இருந்தால், வெயில் வந்த நாளில் 20, 25 ஆம்பியர்-மணி திரும்பும். புயலுக்கு மறுநாள் பெரும்பாலும் வெயில் வரும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையே பயன்படுத்தலாம். பேட்டரி முனையிலிருந்து நேராக, முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து எடுங்கள். இன்வெர்ட்டரின் பிளக்கில் சொருகினால் வீணாகும் சக்தி ஒரு பக்கம். 7 மெகாஹெர்ட்ஸில் அது கிளப்பும் இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்பது இன்னொரு பக்கம்.

## ஞாயிற்றுக்கிழமை நெட்

இதுதான் மொத்த விஷயத்தின் உயிர். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே அலைவரிசை. எங்களுக்கு ஞாயிறு காலை ஏழரை. ஒருவர் நெட் கன்ட்ரோல். அவர் அழைத்தால்தான் பேச்சு. வாராவாரம் அந்தப் பொறுப்பு மாறட்டும், ஒரே ஆள் செய்தால் அவர் ஊரில் இல்லாத வாரம்தான் புயல் வரும். மாதம் ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பேட்டரியில் மட்டும்.

பழக வேண்டியது சேதி படிப்பது. அரட்டைக்கு முதலில் ஐந்து நிமிடம் கொடுங்கள், அப்புறம் ஆளுக்கொரு பயிற்சிச் சேதி. முதல் சொல்லே ‘பயிற்சி’ என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்பவர் எவராவது பதறிவிடுவார். இப்படி:

“பயிற்சி. எண் 3. அவசரம். புதுவயல் பள்ளி முகாமிலிருந்து வட்டாட்சியருக்கு. நேரம் 14.20. முகாமில் ஒன்று, நான்கு, பூஜ்யம் பேர். குடிநீர் மாலை வரைதான். லாரி ஒன்று தேவை. பயிற்சி.”

எழுதியவர் அப்படியே திருப்பிப் படிக்க வேண்டும். ‘கிடைத்தது’ என்று மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இரைச்சலில் எழுபதும் எண்பதும் ஒன்றுதான். பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் விழுந்துவிடும்.

ஊர்ப் பெயரில் தனிக் கவனம். தேவகோட்டை வேறு, காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தா வேறு. கொத்தமங்கலம் நம் பக்கம் ஒன்று, புதுக்கோட்டை ஆலங்குடி பக்கம் ஒன்று. வட்டத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்லாத ஊர்ப் பெயர் எங்கள் நெட்டில் செல்லாது. இந்த விதியை ஒரு சண்டைக்குப் பிறகுதான் கொண்டுவந்தோம்.

## அதிகாரிகளிடம் போவது

செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை சிவகங்கைக்குப் பதில் சொல்கின்றன. ராயவரம், கோனாபட்டு புதுக்கோட்டைக்கு. நெட் ஒன்றாக இருந்தாலும் போக வேண்டிய கன்ட்ரோல் ரூம் இரண்டு. போன் இருக்கும்வரை மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070, அவசர உதவிக்கு 112. போன் இருக்கும்போது அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

காரைக்குடியிலிருந்து சிவகங்கை 40 கிலோமீட்டருக்கு மேல், நம் 32-க்குள் வராது. காளையார்கோவில் பக்கம் ஒருவர் நடுவில் நின்று சேதியை வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்த ஆளைத் தேடிப் பிடிப்பது எந்தச் செட் வாங்குவதைவிடவும் பெரிய காரியம்.

ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கு ஆவணிக்குள் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: யார், கால் சைன் என்ன, எந்த ஊர், என்ன செய்ய முடியும், பேட்டரி எத்தனை மணி நேரம். லைசென்ஸ் நகலை இணையுங்கள். முதல் தடவை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மழைக்கால முன்னேற்பாட்டு ஒத்திகைக்கு நேரில் போய் ஒரு சேதியைக் கடத்திக் காட்டினால் மறக்க மாட்டார்கள். மஞ்சள் ஜாக்கெட், சைரன் வேஷம் வேண்டாம்.

## புயல் எச்சரிக்கை வந்துவிட்டால்

இரண்டு நாள் முன்பே எல்லா பேட்டரியும் நிறையட்டும். முந்தின நாள் சாயங்காலம் ஒரு நெட், எல்லோரும் எங்கே இருப்பார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். காற்று எழுவதற்கு முன் உயர்ந்த கம்பத்தை இறக்கிவிடுங்கள்; முறிந்த கம்பம் அடுத்த வீட்டு ஓட்டில்தான் விழும். காற்று அடிக்கும்போது யாரும் மாடி ஏறக் கூடாது. மணிக்கொரு தடவை, மணி அடித்து முதல் ஐந்து நிமிடம் மட்டும் செட்டைத் திறந்தால் பேட்டரி மிஞ்சும். காற்று நின்றதும் கம்பத்தை ஏற்றி, கன்ட்ரோல் ரூம் கேட்டால் சேதியை எடுங்கள். கேட்காவிட்டால் நெட்டைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். எல்லாவற்றையும் நேரம் போட்டு நோட்டில் எழுதுங்கள், பென்சிலால். பேனா மை மழையில் ஓடிவிடும்.

போன ஞாயிறு எங்கள் நெட்டில் ஐந்து ஊர் கூப்பிட்டோம், நான்கு வந்தது. தேவகோட்டை அண்ணனைக் காணோம். போன் போட்டால், “செட்டு ஆன் ஆகலைப்பா, பார்த்தா ஃபியூஸு போயிருக்கு, எப்பப் போச்சுன்னே தெரியலை” என்றார். கையில் இருந்த பத்து ஆம்பியர் ஃபியூஸில் இரண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.